அனலாக்: தொடர்முறையா, ஒப்புமையா?

ஆராய வேண்டிய இயற்கைப் பொருளைப் போலவே அணுக்களை நடக்கவிட்டு விடை காணும் கருவிதான் அனலாக் குவாண்டம் கணினி. அதை மறுபடியும் ஒருவர் 'தொடர்முறைக் குவாண்டம் கணினி' என்று எழுதியிருக்கிறார். போன வாரம் சரிபார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பிலும் இதேதான். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது.

கிரேக்கத்தில் 'அனலோகோஸ்' என்றால் விகிதம் பொருந்தியது. ஒன்றைப் போல இன்னொன்று, அவ்வளவுதான். 1949-இல் லண்டனில் பில் பிலிப்ஸ் ஒரு பொருளாதார இயந்திரம் செய்தார். கண்ணாடி போன்ற தொட்டிகள், குழாய்கள், உள்ளே தண்ணீர். வரிக்கு ஒரு குழாய், சேமிப்புக்கு ஒரு குழாய். தண்ணீர் பணத்தைப் போல ஓடியது. அந்தப் 'போல'தான் அனலாக். முள் கடிகாரமும் ரேடியோவும் டிஜிட்டலுக்கு எதிராக நின்றபோதுதான் 'தொடர்', அதாவது தாவித் தாவி இல்லாமல் இடைவிடாது மாறுவது என்ற பொருள் மேலே வந்தது. அங்கே ஓரளவு பொருந்தும், சரி.

குவாண்டத்தில் அது வழிதவற வைக்கிறது. குயேரா நிறுவனத்தின் அக்விலா கருவியில் 256 ரூபிடியம் அணுக்கள் வரை லேசர் இடுக்கியால் பிடித்து, வேண்டிய வடிவில் அடுக்குகிறார்கள். மிக நெருங்கிய இரண்டு அணுக்கள் ஒருசேரக் கிளர்ச்சி அடையாது, அதாவது இரண்டும் சேர்ந்து உயர் ஆற்றல் நிலைக்குப் போகாது. அந்த இயல்பை வைத்து, ஒரு காந்தப் பொருள் நடந்துகொள்வதுபோல அணுக்களை நடக்கவிடுகிறார்கள். லேசரைச் சீராகக் கூட்டிக் குறைப்பது உண்மைதான். ஆனால் முடிவில் எடுக்கும் படத்தில் ஒவ்வோர் அணுவும் இருக்கும் அல்லது இருக்காது, நடுவில் எதுவும் இல்லை. இந்த விடையில் தொடர்ச்சி எங்கே? போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் மின்சுற்றின் 'தொடர் இணைப்பு' படித்த பிள்ளை, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான கியூபிட்டுகளை வரிசையாகக் கோப்பதாகவே நினைக்கும்.

'ஒப்புமை' என்று சொல்லிப் பாருங்கள், இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் ஒரே சொல்லில் தெரியும். இயற்கையே குவாண்டமாக இருக்கும்போது அதைக் குவாண்டம் கருவியால்தான் போலச் செய்து பார்க்க வேண்டும் என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1981-இல் சொன்னார். 2002-இல் மியூனிக்கில் லேசர் ஒளியால் பின்னிய ஒளிவலையில் சிக்கவைத்த ரூபிடியம் அணுக்கள், தடையின்றிப் பாயும் மீப்பாய்ம நிலையிலிருந்து, அவரவர் இடத்தில் நகராமல் நிற்பது போன்ற மாட் மின்காப்பு நிலைக்கு மாறியதைக் கண்ணெதிரே காட்டினார்கள். ஆனால் முகம் நிலவு போல என்றால் நிலவின் பள்ளங்களை முகத்தில் தேட முடியாது. கருவியின் இயல்போடு ஒத்துவராத கணக்கை அதற்குக் கொடுத்துப் பயனில்லை. பிழை திருத்தும் முறையும் இதற்கு எளிதில் வாய்க்காது. லேசரின் சிறு தடுமாற்றமும் விடையில் சேர்ந்துவிடும். நேரமும் குறைவு: அக்விலாவின் ஓர் ஓட்டத்தில் அணுக்களை லேசரால் இயக்கும் பகுதி 4 மைக்ரோ நொடிக்குள் முடிகிறது.

கலைச்சொல் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். பொருளைப் புரிந்துகொண்டு எழுதுபவர் 'ஒப்புமைக் குவாண்டம் கணிமை' என்று எழுதட்டும். நீளமாகத் தோன்றினால் அனலாக் என்றே விட்டுவிடலாம். 'தொடர்முறை' மட்டும் வேண்டாம்.