நகரக் கலை ஆணையத்திடம் சிற்பத்துக்கும் சுவரோவியத்துக்கும் பணம் கேட்பது எப்படி?

அமெரிக்காவில் பல நகரங்கள் நூலகமோ தீயணைப்பு நிலையமோ கட்டும்போது, கட்டுமானச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன. 1959-இல் ஃபிலடெல்ஃபியா தொடங்கிவைத்த வழக்கம் இது. சியாட்டில் 1973-இல் 1 சதவீதம் என்று சட்டம் போட்டது; சான் ஃபிரான்சிஸ்கோவில் 2 சதவீதம். இந்தப் பணத்தை எந்தக் கலைஞருக்கு, எந்த இடத்துக்கு, எப்படிக் கொடுப்பது என்று பார்ப்பதுதான் கலை ஆணையத்தின் முக்கிய வேலை. உறுப்பினர்களை மேயரோ நகர மன்றமோ நியமிக்கும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பெரிய ஒப்பந்தங்களில் கடைசிக் கையெழுத்து பல ஊர்களில் நகர மன்றத்துடையது.

சதவீதம் எதன்மேல் என்பதை முதலில் பாருங்கள். நிலம் வாங்கிய செலவைப் பல சட்டங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. 1 கோடி டாலர் திட்டத்தில் நிலத்துக்கே 20 லட்சம் போயிருந்தால், மீதி 80 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது 80,000 டாலர்தான் கலைக்கு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நகரம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தை நீடித்து நிற்கும் சொத்துக்குத்தான் செலவிடலாம். தெருவிழா, சில மாதங்களில் அழியப்போகும் ஓவியம், பழைய சிற்பத்தைப் பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு அதைத் தொட முடியாது. குடியிருப்போர் சங்கம் ஒரு சுவரோவியம் வேண்டும் என்று கேட்டால், அதற்கு வழி நகரின் பொது நிதியிலிருந்தோ ஹோட்டல் வரியிலிருந்தோ வரும் சிறு மானியம். அதில் பாதித் தொகையை நீங்கள் திரட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் பயப்பட வேண்டாம். தன்னார்வலர்களின் உழைப்பையும் நன்கொடையாக வந்த பெயின்டையும் உங்கள் பங்காக ஏற்பார்களா என்று ஆணைய ஊழியரிடம் கேளுங்கள். ஏற்கும் ஊர்கள் நிறைய.

கலைஞரைத் தேர்ந்தெடுக்க இரண்டு விதமான அழைப்புகள் வரும். தகுதி அழைப்பில் பழைய வேலைகளின் படங்கள், வாழ்க்கைக் குறிப்பு, ஒரு பக்கக் கடிதம் போதும். தேர்வுக் குழு மூன்று நான்கு பேரைப் பொறுக்கியெடுத்து, மாதிரி வடிவம் செய்ய அவர்களுக்குத் தனியாகப் பணம் தரும். முன்மொழிவு அழைப்பில் எடுத்த எடுப்பிலேயே முழு வடிவத்தைக் கேட்பார்கள். கூலியில்லாமல் முழு வடிவம் கேட்கும் அழைப்பை விட்டுவிடுவது நல்லது. கலைஞரின் உழைப்பை மதிக்கும் ஆணையம் அப்படிக் கேட்காது.

அழைப்பில் போட்டிருக்கும் தொகை கலைஞரின் சம்பளம் என்று நினைத்துத்தான் பலர் கடனில் விழுகிறார்கள். அந்தத் தொகைக்குள்ளேயே பொறியாளர் கையெழுத்து, அஸ்திவாரம், தயாரிப்பு, லாரி, கிரேன், காப்பீடு, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் அடங்கும். கலைஞரின் சம்பளம் 15 முதல் 20 சதவீதம், எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் என்று எழுதிவிட்டு, மீதியில் வடிவத்தை அடக்குங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது கேபிளோ தண்ணீர்க் குழாயோ தட்டுப்பட்டால் அந்த 10 சதவீதம் ஒரே நாளில் கரைந்துவிடும். தோண்டும் முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் பொதுக் குழாய், கேபிள் போகும் வழியை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

சுவரோவியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுவர்தான். செங்கல் இடுக்கில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அதை மூடிப் பெயின்ட் அடித்தால் உப்பு பின்னாலிருந்து தள்ளி, பெயின்ட் கொப்புளித்து உரியும். கூரை வடிகாலைச் சரிசெய்து, சுவரைக் காயவிட்டு, மூச்சுவிடும் தன்மையுள்ள பிரைமர் அடித்த பிறகே வரைய வேண்டும். பழைய பெயின்ட் மேல் வரைவதானால், கத்தியால் கட்டம் கீறி, டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிடுங்கிப் பாருங்கள். டேப்போடு செதில் வந்தால் முழுவதும் சுரண்டியாக வேண்டும். இந்தச் சோதனையின் படங்களை விண்ணப்பத்தோடு இணைத்தால் குழுவின் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

சுவர் தனியாருடையது என்றால், எத்தனை ஆண்டு ஓவியம் இருக்கும், யார் பராமரிப்பது என்பதை உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே மானியம் வரும். 1990-ஆம் ஆண்டின் கலைஞர் உரிமைச் சட்டப்படி, அதன் பாதுகாப்புக்குள் வரும் ஓவியத்தைச் சேதப்படாமல் கழற்ற முடியுமானால், உரிமையாளர் கலைஞருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் அதை எடுத்துக்கொள்ள 90 நாள் காத்திருக்க வேண்டும். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 5பாயின்ட்ஸ் கட்டிடத்தின் ஓவியங்களை 2013-இல் வெள்ளையடித்து மறைத்ததற்கு, 2018-இல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொன்னது. அதனால்தான் சில ஆணையங்கள் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் படிவத்தை ஒப்பந்தத்தோடு நீட்டுகின்றன. எந்தப் படைப்புக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்று அதில் குறிப்பிட்டுக் கலைஞர் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஆணையம் ஒரு பராமரிப்புக் குறிப்பைக் கேட்கும்: பெயின்டின் நிறுவனமும் நிற எண்ணும், கிறுக்கல் தடுப்புப் பூச்சின் வகை, கழுவும் முறை. மெழுகு வகைப் பூச்சு என்றால் கிறுக்கலோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஒவ்வொரு முறையும் திரும்பப் பூச வேண்டும். இந்த ஒரு பக்கத்தை ஒப்படைக்கும் வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்கும் ஆணையங்கள் உண்டு.