பாயைப் பார்க்காதீர்கள், படுக்கையறையைப் பாருங்கள்

“மாமா, இத கொஞ்சம் பாருங்க. 16 பேரு, மூணு நாள், ரெண்டு ராத்திரி. இன்னைக்குள்ள அட்வான்ஸ் போடலன்னா போட் போயிடும்கிறாங்க.”

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான். கூடவே ஒரு படம்: அந்தி வெயிலில் எல்லாப் பாயையும் விரித்து நிற்கும் இரட்டைப் பாய்மரக் கப்பல், பின்னால் பாடார் தீவின் மொட்டைக் குன்றுகள். படம் அழகுதான். ஆனால் நான் பார்க்க வேண்டியது எதுவும் அதில் இல்லை.

என் தொழில் கப்பல் சர்வே. தூத்துக்குடியில் சரக்குத் தோணிகளின் பலகையைச் சுத்தியலால் தட்டி, கலப்பற்று, அதாவது நீர் புகாமல் பலகை இடுக்கில் அடைக்கும் அடைப்பு, விட்டுப்போன இடத்தைத் தேடித் தொழில் கற்றவன். இப்போது சிங்கப்பூரில் இரும்புக் கப்பல்கள். ஆனாலும் சொந்தக்காரர்களில் யார் மரக்கப்பல் படம் பார்த்தாலும் அது என் போனுக்கு வந்துவிடும். இந்தோனேசியாவின் லபுவான் பாஜோவுக்குப் போய், கொமோடோ தேசியப் பூங்காவைச் சுற்ற மரக்கப்பலை மொத்தமாக வாடகைக்கு எடுப்பது இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களிடையே இப்போது பெருகியிருக்கிறது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட்டு இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கப்பலுக்குப் பெயர் பினிசி. தெற்கு சுலாவெசியில் புலுக்கும்பா மாவட்டத்து தானா பெரு, பிரா போன்ற கடற்கரை ஊர்களில் கட்டுகிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது, எல்லாம் மேஸ்திரியின் கண்ணளவு. முதலில் பலகைகளைச் சேர்த்து உடம்பை எழுப்பிவிட்டு, பிறகுதான் உள்ளே வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரியான சட்டங்கள், வைப்பார்கள். 2017-இல் இந்தக் கலையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கப்பலை அவர்கள் ‘கப்பால்’ என்கிறார்கள், நம்மிடமிருந்து போன சொல். மரவேலையில் எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. குறை சொல்லப்போவது மரவேலையை அல்ல.

பினிசி பிறந்தது சரக்குக்கு. சிமெண்டோ மரமோ அடிவயிற்றில் கிடக்கும், பாரம் கீழே இருப்பதால் கப்பல் நிமிர்ந்து நிற்கும். சுற்றுலாவுக்கு வரும்போது அந்தச் சரக்கு போய்விடுகிறது. அதற்குப் பதில் மேலே ஒரு தளம், அதற்கும் மேலே ‘மாஸ்டர் கேபின்’, ஏசி, தண்ணீர்த் தொட்டி, சிலதில் குளியல் தொட்டிகூட. பாயை விரிப்பது பெரும்பாலும் படம் எடுக்கும் அரை மணி நேரத்துக்குத்தான். மற்ற நேரமெல்லாம் டீசல் என்ஜின் ஓட்டுகிறது, பாய்மரம் தலைக்கு மேல் சும்மா கனக்கிறது. கப்பலை நிமிர்த்தி வைக்கும் நிலைப்பாரத்தை அடியில் போதிய அளவு போடாமல் மேலே மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்.

இதைப் பயணியே சோதிக்க ஒரு வழி உண்டு. நங்கூரத்தில் நிற்கும்போது பக்கத்தில் ஏதாவது ஸ்பீட் போட் அலை கிளப்பிவிட்டுப் போகும். வாட்சைப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், பழைய இடத்துக்கே திரும்ப எத்தனை விநாடி? 7 மீட்டர் அகலமுள்ள கப்பல் ஐந்தாறு விநாடியில் வெடுக்கென்று திரும்பினால் வயிற்றைப் புரட்டும், ஆனால் எனக்கு நிம்மதி. பத்து விநாடி எடுத்து, சாய்ந்த இடத்தில் ஒரு கணம் யோசித்து நின்று, மெதுவாகத் திரும்பினால் “தொட்டில் மாதிரி ஆடுது” என்று குழந்தைகள் ரசிப்பார்கள். எனக்கு அந்தத் தொட்டில்தான் பயம். நிமிரும் தெம்பு குறைந்த கப்பல்தான் அப்படிச் சோம்பலாக ஆடும். அதன் மேல்தளத்தில் 16 பேரும் திருக்கை மீன் பார்க்க ஒரே பக்கம் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மருமகன் அனுப்பிய கப்பல். ஏஜெண்டை வீடியோ காலில் பிடித்தேன். பாய், சாப்பாட்டு மேசை, ஸ்பீக்கர் எல்லாம் காட்டினார். கீழ்க் கேபினைக் காட்டச் சொன்னேன். கட்டிலுக்கு நேர் மேலே சதுரமாக ஒரு மூடி.

“எமர்ஜென்சி எக்ஸிட், சார்.”

“திறங்க.”

கேமரா கொஞ்சம் ஆடியது. மூடி அசையவில்லை. “அப்படியே மேலே ஏறி வந்து, அந்த மூடிக்கு மேல என்ன இருக்குன்னு காட்டுங்க” என்றேன். காட்டினார், பாவம். வெயில் காய நீலமெத்தை போட்ட சாய்வு பெஞ்ச். கால் நான்கையும் தளத்தோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். விளம்பரப் படத்தில் ஒரு பெண் சாய்ந்து ஜூஸ் குடிப்பது அந்தப் பெஞ்சில்தான்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற மர உடல் கொண்ட டைவிங் படகு நங்கூரத்தில் நின்றபடியே எரிந்தது. கீழே தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். கீழே இருந்து வர இரண்டு வழி இருந்தது: ஒரு படிக்கட்டு, ஒரு அவசர மூடி. இரண்டும் போய்ச் சேர்ந்தது மேலே இருந்த ஒரே கூடத்துக்கு. தீ அந்தக் கூடத்தில்தான். இரவில் சுற்றிவந்து பார்க்கும் காவல் ஆள் கிடையாது என்பதை விசாரணை முக்கியக் குறையாகச் சொன்னது. அது அமெரிக்கா, சட்டமும் சோதனையும் உள்ள ஊர்.

ஆகவே கீழ்க் கேபினில் படுப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைப் பற்றித்தான். இருக்கிறதா, முதல் வழி போகும் இடத்துக்கே அதுவும் போகிறதா, பத்து வயதுப் பிள்ளை உள்ளிருந்து தள்ளித் திறக்குமா. கப்பலில் ஏறிய அரை மணிக்குள் விளக்கை அணைத்து, கையால் தடவி ஒருமுறை வெளியே வந்து பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சார்ஜர் விஷயமும் அங்கேதான் சேருகிறது. 16 பேர் என்றால் 16 போன், பவர் பேங்க், கேமரா, ட்ரோன் பேட்டரி. எல்லாம் கூடத்து சோபாவுக்குப் பக்கத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் விடிய விடியத் தொங்கும். மரக்கப்பலில் அது பகல் வேலை. ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள், படுக்கும்முன் கழற்றிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் எத்தனை என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதைச் சொல்லித்தர நான் வேண்டாம். எங்கே வைத்திருக்கிறார்கள், குழந்தை அளவு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். என்ஜின் ரூம் படிக்குக் கீழே பெட்டியில் பூட்டி வைத்த ஜாக்கெட் யாருக்கு?

காகிதத்தில் முக்கியமானது ஒன்று. அங்கே துறைமுக அதிகாரிக்கு ஷாபந்தர் என்று பெயர். ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் அலுவலகம் புறப்பாட்டு அனுமதி தர வேண்டும், பயணிகள் பட்டியலும் போக வேண்டும். பட்டியலில் உங்கள் 16 பேரின் பெயரும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்ட மச்சினன் பெயர் விட்டுப்போவது சகஜம். ஏதாவது நடந்தால் தேடுகிறவர்கள் எண்ணுவது அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

கடல் மோசமானால் ஷாபந்தர் புறப்பாட்டையே நிறுத்திவிடுவார். ஜனவரி, பிப்ரவரியில் மழையோடு மேல்காற்று, அப்போது இது அடிக்கடி நடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் பளிச்சென்று இருந்தாலும் தென்கிழக்குக் காற்று பூங்காவின் தெற்குப் பக்கத்தைக் கொந்தளிக்க வைக்கும். வடக்கே ஃபுளோரஸ் கடல், தெற்கே சும்பா ஜலசந்தி, தீவுகளுக்கு நடுவே உள்ள சந்துகள் வழியாகத்தான் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் நீரோட்டம், பாய்கிறது. எட்டு நாட் வேகத்தில் ஓடும் பினிசியை எதிர்நீரோட்டம் பாதி வேகத்துக்கு இழுத்துவிடும். எனவே முன்பணம் போடும்முன் எழுத்தில் வாங்குங்கள்: துறைமுகம் மூடினால் பணம் திரும்புமா, வேறு தேதியா, ஒன்றுமில்லையா. கேப்டன் பாதையை மாற்றினால் அதற்குத் தகராறு வராது என்பதையும்.

இந்தக் கடைசி வரிதான் கூட்டமாகப் போகிறவர்களுக்கு ரொம்ப அவசியம். நாலு பேர் என்றால் “சரி, விடுங்க” என்று போய்விடும். 16 பேர் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, பங்குப் பணம் கொடுத்து வந்திருக்கும்போது கேப்டனை நெருக்குவதற்கு எப்போதும் ஒருவர் இருப்பார். எங்களிலும் இருந்தார்.

வேறு கப்பல் பிடித்து ஆகஸ்டில் போனோம், நானும் ஒட்டிக்கொண்டேன். இரண்டாம் ராத்திரி பாடாருக்குப் போய் நங்கூரமிட்டு, விடியலில் மலையேறுவது திட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேப்டன் மேல்தளத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், சுலாவெசிக்காரர். காற்று வந்த திசையைக் கையால் காட்டி, தலையை ஆட்டினார். ரிஞ்சாவின் லோ புவாயா குடாவிலேயே தங்கலாம், “பெசோக் பாகி” என்றார். நாளைக் காலை பார்க்கலாம்.

“சன்ரைஸுக்குத்தான காசு கட்டியிருக்கோம்” என்றார் மருமகனின் நண்பர். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, நீங்க சொல்லுங்க, நீங்க கப்பல்காரரு.”

அவருக்குக் காற்றைக் காட்டினேன். கொடிமரத்துக் கயிறு அடித்துக்கொண்டிருந்தது. “அவர் போகலாம்னு சொல்லியிருந்தா நான் இறங்கியிருப்பேன்” என்றேன். அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் பாடாரைப் பார்த்தோம், உச்சி வெயிலில், வியர்த்து வழிந்து.

அன்று ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு முழிப்பு வந்தது. தலைக்கு மேல் தளத்தில் வெறுங்கால் நடை. டார்ச் வெளிச்சம் கேபின் கண்ணாடியைத் தாண்டி, என்ஜின் ரூம் பக்கம் போய், கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கூடத்துப் பக்கம் திரும்பியது. நான் மூடியைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன், குளிர்ந்த காற்று வந்தது. மூடிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.