கிராண்ட் டூரர், ஜிடி: தமிழில் என்ன சொல்வது?

ஆஸ்டன் மார்ட்டின் டிபி4, பென்ட்லி கான்டினென்டல், ஜென்சன் இன்டர்செப்டர் மாதிரி பழைய பிரிட்டிஷ் கார்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது சிலர் 'பந்தயக் கார்' என்று எழுதிவிடுகிறார்கள், சிலர் 'அதிவேகச் சொகுசு கார்' என்கிறார்கள். இரண்டுமே பொருந்தாது. இந்த வண்டிகளுக்கு ஆங்கிலத்தில் கிராண்ட் டூரர் என்று தனிப்பெயர் இருக்கிறது, சுருக்கமாக ஜிடி. இந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொண்டால் தமிழ்ச்சொல் தானாக வந்து நிற்கும்.

முதலில் பொருள். முன்னால் இரண்டு பேர் நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டும், பின்னால் பேருக்கு இரண்டு சின்ன இருக்கை, துணிப்பெட்டிகளுக்கு இடம், மேலே மூடிய கூரை. காலையில் லண்டனில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து, பிரான்சை வடக்கிலிருந்து தெற்கே தாண்டி மத்தியதரைக் கடலோரத்தில் போய் இறங்கும்போது ஓட்டியவருக்கு முதுகு வலிக்கக் கூடாது, வண்டிக்கும் மூச்சு வாங்கக் கூடாது. அதுதான் கிராண்ட் டூரர். அதில் வேகம் உண்டு, ஆனால் அந்த வேகம் தொலைவுக்காக.

சரி, 'டூர்' எங்கிருந்து வந்தது? பிரெஞ்சிலிருந்து. பிரெஞ்சுக்கு லத்தீனின் டோர்னஸ், அதற்கும் முன்னால் கிரேக்கத்தின் டோர்னோஸ். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு வட்டம் போடும் கருவி, மரம் கடையும் கருவி என்று பொருள். கடைசல் பட்டறையில் கட்டை சுழல்கிறதே, அந்தச் சுழற்சிதான் வேர். திரும்புவதைச் சொல்லும் ஆங்கில 'டர்ன்' என்பதும் அதே குடும்பம். ஆக டூர் என்றால் வெறும் போதல் இல்லை, சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவது.

'கிராண்ட் டூர்' என்ற தொடர் ஆங்கில அச்சில் முதலில் வந்தது 1670இல், ரிச்சர்ட் லாசெல்ஸ் என்ற பாதிரியாரின் இத்தாலிப் பயண நூலில் என்பார்கள். அவர் பிரான்சுக்குத்தான் கிராண்ட் டூர் என்கிறார். இத்தாலிக்கு 'ஜிரோ' என்று இத்தாலியச் சொல்லையே போடுகிறார், அதற்கும் சுற்று என்றே பொருள். பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகி, பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியான ஆங்கிலேய வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடித்த கையோடு பாரிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், வெனிஸ், நேப்பிள்ஸ் என்று ஒன்றிரண்டு வருடம் சுற்றி வருவதற்கு அதுவே பெயராக நிலைத்தது. போன வழி லேசானது அல்ல. ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி கணவாய்க்கு வந்ததும் குதிரை வண்டியைச் சக்கரம் வேறு, அச்சு வேறு, கூண்டு வேறு என்று கழற்றிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றுவார்கள். பயணியை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் சுமந்து போவார்கள். இத்தாலிப் பக்கம் இறங்கியதும் வண்டியை மறுபடி பூட்டிக்கொண்டு புறப்படுவார்கள்.

அடுத்த திருப்பம் இத்தாலியில். இந்த டூரிலிருந்து கிளைத்த டூரிசம் இத்தாலியரிடம் 'துரிஸ்மோ' ஆயிற்று. 1920களின் கடைசியிலேயே ஆல்ஃபா ரோமியோ தன் 6சி வண்டிகளில் ஒரு வகைக்கு கிரான் துரிஸ்மோ என்று பெயர் வைத்துவிட்டது. இன்று நாம் சொல்லும் ஜிடிக்கு உருவம் கொடுத்ததாகப் பலரும் காட்டுவது 1951இல் வந்த லான்சியா அவுரேலியா பி20. அந்த ஆண்டே மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் அது இரண்டாவதாக வந்தது. அப்புறம் ஆங்கிலேயர்கள் கிரான் துரிஸ்மோவைத் திருப்பி ஆங்கிலமாக்கி கிராண்ட் டூரர் என்றார்கள். பிரான்சில் பிறந்து, இங்கிலாந்து போய், இத்தாலி சுற்றி, இங்கிலாந்துக்கே திரும்பிய இந்தச் சொல்லும் ஒரு கிராண்ட் டூரை முடித்திருக்கிறது. எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

வண்டியின் கதையும் இப்படித்தான். 1958இல் வெளிவந்த டிபி4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிபி என்பது டேவிட் பிரவுன், பல்சக்கரமும் டிராக்டரும் செய்த தொழிலதிபர், பத்திரிகை விளம்பரம் பார்த்து 1947இல் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தை வாங்கியவர். 3,670 சிசி, ஆறு சிலிண்டர், 240 குதிரைத்திறன் எஞ்சினை வடிவமைத்த டாடெக் மாரெக் போலந்துக்காரர். உடல் வடிவம் மிலான் நகரத்து டூரிங் நிறுவனத்துடையது. அந்த இத்தாலிய நிறுவனத்தின் பெயரிலேயே நம் சொல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! வண்டியைக் கட்டியது இங்கிலாந்தின் நியூபோர்ட் பேக்னலில், மொத்தமே சுமார் 1,100தான்.

டிபி4இன் முன்மூடியின் இரு ஓரத்திலும் 'சூப்பர்லெஜெரா' என்று எழுதியிருக்கும், மிக இலகு என்று பொருள். மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகட்டைப் போர்த்துவது இந்த முறை. அழகு, இலகு, எல்லாம் சரிதான். ஆனால் அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும், வெளியே பெயின்ட் லேசாகக் கொப்பளிக்கும்போது உள்ளே வேலை முற்றியிருக்கும். அதனால் இந்த வண்டியை மீட்பவர்கள் தகட்டை உரித்துக் கூடு வரை போக வேண்டியிருக்கிறது. இதைப் 'புதுப்பித்தல்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக்குவது நோக்கமே இல்லை, முதல் நாள் இருந்த நிலைக்கு, அந்தக் காலத்து முறைப்படியே கொண்டுபோவதுதான் நோக்கம். மீட்டமைத்தல் என்பது சரியாக இருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 1959இல் டிபி4 ஜிடி என்று ஒன்று வந்தது. அடிச்சட்டத்தைச் சுமார் 13 செ.மீ. குறைத்து, பெரும்பாலும் பின்னிருக்கையும் இல்லாமல், பந்தயத்துக்கென்றே செய்தது. பந்தய விதிகளில் ஜிடி ஒரு வகுப்பாகிவிட்டதால் வந்த பெயர் அது. ஆக, பெயரில் ஜிடி இல்லாத டிபி4தான் சொல்லின் பழைய பொருளுக்கு முழுக்கப் பொருந்துகிற வண்டி, பெயரில் ஜிடி உள்ளது பந்தயத்துப் பிள்ளை.

இனி தமிழ். பழந்தமிழில் பயணத்துக்குச் 'செலவு' என்ற அருமையான சொல் இருந்தது, தலைவன் பொருள்தேடப் போவதைச் சங்கப் பாடல்கள் அப்படித்தான் சொல்லும். இன்று அதைப் போட்டால் பணம்தான் நினைவுக்கு வரும், விட்டுவிடலாம். 'நெடும்பயண மகிழுந்து' எல்லாருக்கும் உடனே புரியும், தப்பில்லை. ஆனால் அதில் தொலைவு மட்டும்தான் இருக்கிறது, சுற்றித் திரும்புவது இல்லை, கிராண்ட் டூரோடு உள்ள உறவும் அறுந்துபோகிறது.

நம்மிடம் சுற்றுலா இருக்கிறது. சுற்று + உலா. டோர்னோஸ் சொன்ன சுழற்சி அப்படியே இதற்குள் இருக்கிறது. உலா என்பதும் சாதாரணச் சொல் அல்ல. அரசனோ இறைவனோ வீதியில் பவனி வருவதைப் பாட ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு, ஒட்டக்கூத்தரின் மூவருலா மூன்று சோழர்களுக்குப் பாடியது. பார்க்கவும் பார்க்கப்படவும் போவது உலா. அந்த ஆங்கிலேயப் பிள்ளைகள் ரோமுக்குப் போனதும், டிபி4 கடலோர விடுதி வாசலில் வந்து நின்றதும் அதற்காகவும்தான். பெருமை + உலா, பேருலா. பேருந்து, பேரூர் மாதிரியே இயல்பாகப் புணர்கிறது.

உலாவில் வேகம் இல்லையே என்று கேட்பார்கள். டூரிலும் துரிஸ்மோவிலும்கூட வேகம் இல்லை. அங்கே இல்லாததை நாம் 'அதிவேக' என்று சேர்க்கத் தேவையில்லை.

அதனால் என் பரிந்துரை: அந்த வரலாற்றுப் பயணத்துக்குப் பேருலா, வண்டிக்குப் பேருலா மகிழுந்து. 'மீட்டமைத்த டிபி4 பேருலா மகிழுந்து' என்று எழுதிப் பாருங்கள், நன்றாகவே நிற்கிறது. டிபி4 ஜிடி, எம்ஜிபி ஜிடி என்று மாடல் பெயராகவே வரும் இடத்தில் மட்டும் ஜிடியைத் தொட வேண்டாம், அது அந்த வண்டியின் பெயர்.