பெட்டியை மாற்றும் முன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்: கடற்கரை ஊர்ப் பழைய கார்களின் கிளவ் பாக்ஸ்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் வேலைகளில் கிளவ் பாக்ஸும், அதாவது டேஷ்போர்டுப் பலகையில் இருக்கும் மூடி போட்ட சின்னப் பெட்டியும், ஒன்று. பலர் அதை டேஷ்போர்டு என்றே சொல்வார்கள். மூடி நிற்காமல் தொங்கும். அடி அட்டை ஊறிப் பிய்ந்திருக்கும். உள்ளே வைத்த ஆர்.சி. புக் பின்பக்கமாக நழுவி எங்கேயோ விழுந்திருக்கும். "பெட்டியை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, போதும்" என்பார்கள். மாற்றித் தரலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால், ஐப்பசி கார்த்திகை மழை முடிவதற்குள் புதுப் பெட்டியும் அதே கதிக்கு வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வண்டிகளில் இந்தப் பெட்டி பெரும்பாலும் அட்டைதான். மாரிஸ் மைனர் மாதிரி அந்தக் காலத்து ஆங்கில வண்டிகளில் காகித நாரை அடுக்கடுக்காக அழுத்திச் செய்த மில்போர்டு அட்டையை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, டேஷ்போர்டு தகட்டுக்குப் பின்னால் பொருத்திவிடுவார்கள். எடை குறைவு, செலவு குறைவு, சத்தம் போடாது. குளிர் நாட்டில் செய்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். நம் கடற்கரையில் அட்டையின் முதல் எதிரி உப்பு.

சாதாரண சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா என்று இருக்கும் ஊரில் காற்று அந்த அளவுக்குக் கீழே காய்வது அரிது. அதாவது, அட்டைக்குள் உப்பு ஒருமுறை புகுந்துவிட்டால், வெயில் காலத்திலும் அது முழுதாகக் காயாது. அடுக்குகள் பிரியும், பின்கள் துருப்பிடிக்கும், துரு அட்டையைத் தின்னும்.

இந்த உப்பு காற்றில் மட்டும் வருவதில்லை. கார் கழுவும் தண்ணீரைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்புதான். குடிக்க நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் வீட்டில், காருக்கு அந்த உவர்த் தண்ணீர்தான் கிடைக்கும். வெளியே கழுவுவதைக்கூட விடுங்கள். அதே தண்ணீரில் துணியை நனைத்து டேஷ்போர்டையும் பெட்டியின் உட்புறத்தையும் துடைக்கிறார்களே, அதுதான் பெரிய கெடுதல். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அட்டைக்குள் கொஞ்சம் உப்பை ஏற்றுகிறோம். உள்ளே துடைக்க ஒரு சொம்பு நல்ல தண்ணீர், அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் போதும்.

அப்புறம் தீர்த்தப் பாட்டில். ராமேசுவரம் போய் அக்னி தீர்த்தத்தில் பிடித்த தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, கிளவ் பாக்ஸில் வைத்து, அப்படியே மறந்துவிடுவார்கள். அக்னி தீர்த்தம் கடல் நீர். மூடி லேசாகக் கசிந்தாலும் அடி அட்டை போச்சு. பக்தியோடு கொண்டுவந்த பொருளை வீட்டுப் பூஜையறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கருப்பட்டி, பனங்கற்கண்டுப் பொட்டலமும் அங்கே வேண்டாம். எறும்பு முதலில் வரும், எலி பின்னால் வரும். எலி அட்டையோடு நிற்காமல் வயரையும் கடிக்கும்.

கீழக்கரையிலிருந்து ஒருவர் தன் அத்தாவின் பழைய அம்பாசடரைக் கொண்டுவந்தார். ஆண்டு முழுக்க ஷெட்டில் நிற்கிற வண்டி. குடும்பம் வெளிநாட்டிலிருந்து வரும்போது மட்டும் எடுப்பார்கள். "வண்டி மழையிலேயே நனையலையே காக்கா, பெட்டி எப்படி ஊறிப்போச்சு?" என்று பக்கத்தில் நின்ற எங்கள் பையன் அவரிடம் கேட்டான். கண்ணாடியை இறுக ஏற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தார்கள். பகலில் உள்ளே சூடேறி, இரவில் குளிர்ந்து, அடைபட்ட ஈரம் தகட்டில் வியர்த்து அட்டையில் இறங்கியிருக்கிறது. நிற்கும் வண்டிக்குப் பருத்தித் துணிக் கவர் போடுங்கள். வாரம் ஒருமுறை கதவுகளைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

மழையில் நிற்கும் வண்டியாக இருந்தால், தண்ணீர் இறங்கும் வழியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். முன் கண்ணாடி ரப்பர், வைப்பர் தண்டு வெளியே வரும் இடத்து வாஷர், கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் வாய், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். காற்று வாயின் வடிகால் குழாயில் வேப்பிலையும் புளிய இலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராகப் பெட்டியின் தலையில்தான் ஊற்றும். பெட்டியைக் கழற்றிவிட்டு (அதற்கு முன் பேட்டரியை, காரணம் கீழே), அந்த இடத்துத் தகட்டில் கோலமாவைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் குழாயை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக நனைக்கட்டும். எடுத்தவுடன் மேலிருந்து ஊற்றினால் எல்லாப் பக்கமும் ஓடி, எது ஓட்டை என்று தெரியாது. கோலமாவில் தடம் விழும் இடத்திலிருந்து மேல்நோக்கிப் போனால் வழி கிடைத்துவிடும்.

கண்டுபிடித்ததும் சிலர் கடையில் கிடைக்கும் சிலிக்கானைப் பிதுக்கி அடைத்துவிடுவார்கள். காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது இரும்பை அரிக்கும். ஓட்டையை அடைத்துவிட்டு அதன் ஓரத்தில் துருவை விதைப்பதுதான் மிச்சம். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் புது ரப்பர் போடுங்கள். சின்னக் கசிவுக்குக் கண்ணாடி ரப்பருக்கென்றே வரும் இறுகாத பேஸ்ட் இருக்கிறது.

பெட்டியைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. பெட்டிக்குப் பின்னால் வயர்க் கட்டு போகிறது. பழைய ஆங்கில வண்டிகளில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான் இருக்கும். மாரிஸ் மைனரில் ஹெட்லைட் போகும் வயருக்கு ஃப்யூஸே கிடையாது. அடி பிய்ந்த பெட்டியிலிருந்து ஒரு சாவிக்கொத்தோ ஐந்து ரூபாய் நாணயமோ நழுவி, தோல் உரிந்த வயரில் விழுந்தால், வயர் பழுத்துப் புகையும் வரை நிறுத்த எதுவும் இல்லை. பிய்ந்த பெட்டியை அழகுக் குறை என்று தள்ளிப்போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு சேர்ந்த எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். டைனமோ காலத்து வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனைதான் பாடியில் இருக்கும். வழக்கமான நினைப்பில் மைனஸைத் தொட்டு ஸ்பேனரை பாடியில் இடிக்க விடாதீர்கள்.

சரி, பெட்டி கையில் வந்துவிட்டது. ரிப்பேரா, புதுசா?

மடிப்புகள் உருவத்தில் இருந்து, அடுக்கு மட்டும் பிரிந்திருந்தால் நான் ரிப்பேர் பக்கம்தான். நிழலில் பல நாள் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் கோணும். உலர்ந்த பிரஷ்ஷால் உப்புப் பொடியைத் தட்டிவிட்டு, பிரிந்த அடுக்குக்குள் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் நீர்த்துச் செலுத்தி, இரண்டு பலகைக்கு நடுவே பாலித்தீன் விரித்து அழுத்தி வையுங்கள். ஓரங்களில் காடாத் துணிப் பட்டை ஒட்டினால் மறுபடி பிரியாது. துருப்பிடித்த பின்களைப் பிடுங்கிவிட்டு, அதே துளைகளில் தூண்டில் நரம்பால் தைத்துவிடலாம். அது துருப்பிடிக்காது, கடலுக்கென்றே செய்தது, பாம்பனில் எந்த வலைக் கடையிலும் கிடைக்கும். கடைசியாக வார்னிஷ். உள்ளும் புறமும், முக்கியமாக வெட்டு ஓரங்களிலும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்து அட்டை வளையும்.

அட்டை கூழாகிவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். மெல்லிய பிளைவுட்டில் செய்பவர்கள் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேட்டு வாங்குங்கள். சாதா கமர்ஷியல் பிளை இந்தக் காற்றில் உரியும். தகரத்தில் செய்வதை நான் தவிர்க்கிறேன். துரு ஒரு பக்கம், வயர் பக்கத்தில் கூர் விளிம்பு இன்னொரு பக்கம்.

எனக்குப் பிடித்தது ஃபைபர், அதாவது கண்ணாடி நார். இந்தக் கரையில் ஃபைபர் படகு அடிக்கவும் ஒட்டுப்போடவும் தெரிந்த கைகள் நிறைய உண்டு. பழைய பெட்டியின் அளவில் தடித்த அட்டையால் அச்சு செய்து, பழுப்பு டேப் சுற்றி, மெழுகு தடவி, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் விரிப்பை (மேட்) ரெசின் என்ற பிசினில் நனைத்து இரண்டு அடுக்கு போட்டால் போதும், மெலிதாகவும் உறுதியாகவும் வரும். ரெசின் எடை மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்கட்டும். அதற்கு மேல் ஊற்றினால் உறுதி கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும். முழுதாக இறுகுவதற்கு முன், தோல் மாதிரி வளையும் பதத்தில் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு, தயவுசெய்து படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் அதை இறுக வைக்கும் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே டப்பாவில் அளப்பதும், ஒரே குச்சியை இரண்டிலும் விடுவதும் கூடாது. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம்; பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். தெறித்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். அடைத்த ஷெட்டுக்குள்ளும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம்.

மூடி விஷயம் சுருக்கம்தான். கீல் பித்தளை, ஸ்குரூ இரும்பு என்று இருந்தால் உப்பு ஈரத்தில் இரும்பு சீக்கிரம் கரையும். பித்தளைக்குப் பித்தளை ஸ்குரூவே போடுங்கள். ஸ்டெயின்லெஸ் வாங்கினால் 316 ரகம் கேளுங்கள், 304 ரகம் கடற்கரையில் பழுப்படிக்கும். பூட்டுக்கு எண்ணெய் விடாமல் கிராஃபைட் தூள் போடுங்கள், எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகர மூடியில் துரு இருந்தால் சுரண்டிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு பிரைமர். உப்பு மேலேயே பிரைமர் அடித்தால் கொப்புளம் வரும்.

உள்ளே வெல்வெட் துணி ஒட்டச் சொல்லிப் பலரும் கேட்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், எனவே கழற்றி உலர்த்துகிற மாதிரி போட்டுத் தருகிறோம். அசல் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் அங்கே வைக்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை. அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினால் செல்லும். அசல் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

கடைசியாக, கழற்றிய பழைய பெட்டியை எவ்வளவு கந்தலாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது, பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் அதற்கும் முன்பே. இனி உங்கள் வண்டிக்கு அளவு மாதிரி அந்தக் கந்தல்தான். வண்டியை விண்டேஜாகப் பதிய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத கார்களை விண்டேஜாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், பதிவு எண்ணில் விஏ (VA) என்ற எழுத்துகள் வரும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கிளவ் பாக்ஸ் அதில் சேராது. ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினமும் ஓட்டுகிறவர்கள் விண்ணப்பிக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு, எந்த வண்டி, எந்த ஆண்டு என்று எழுதி, பரணில் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். அடுத்து யார் பட்டறைக்குப் போனாலும் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.