சாயம் வெளுத்த பவளம், குடை பிடித்த புயல்

2016 பிப்ரவரியில் ஃபிஜித் தீவுகளைப் புரட்டிப்போட்ட வின்ஸ்டன் புயல், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரைப்பக்கம் வந்தபோது வெறும் மேகமும் மழையும் காற்றுமாகத்தான் மிஞ்சியிருந்தது. கிரேட் பேரியர் பவளத்திட்டின் தெற்குப் பகுதியைக் கடல் சூட்டிலிருந்து அந்த மிச்சம்தான் காப்பாற்றியது. வடக்கே, சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆழம் குறைந்த இடத்துப் பவளங்களில் மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போயின.

புயல் காப்பாற்றுமா? பவளத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். பாலிப் என்னும் குட்டி உயிர்களின் குடியிருப்புதான் பவளம். பாலிப்பின் சதை கண்ணாடி மாதிரி. பவளத்தின் நிறம் பெரும்பாலும் உள்ளே வாழும் நுண்பாசி தருவது. பாசி வெயிலில் சர்க்கரை சமைத்துப் பாலிப்புக்கும் ஊட்டுகிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இந்தச் சமையல்தான். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். சூடும் வெயிலும் சேர்ந்து பாசியின் அடுப்பைக் கெடுத்துவிடும். நச்சான ஆக்சிஜன் வகைகள் கசியும். பாலிப் பாசியை வெளியே துப்பிவிடும். அப்புறம் சதை வழியே வெள்ளை எலும்புக்கூடுதான் தெரியும். இதுதான் வெளுப்பு. பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பும்.

அந்தச் சூட்டைத்தான் புயல் இறக்குகிறது. மேகம் வெயிலை மறைக்கும். காற்று நீரை ஆவியாக்கி வெப்பத்தைப் பறிக்கும். அலையோ, வெந்நீர் விளாவுவது போல, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கலந்துவிடும்.

ஆனால் புயல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். 2011இல் யாசி புயல் போல நேராக ஏறினால், மான்கொம்பாகக் கிளைத்தவை முறியும், மேசைப் பவளங்கள் கவிழும். உருண்டைப் பவளங்கள்தான் ஓரளவு தாங்கும். சரி, முறிவதொன்றும் பவளத்துக்குப் புதிதல்ல. ஒடிந்த துண்டு இடுக்கில் சிக்கினால் முருங்கைப் போத்து மாதிரி தழைத்துவிடும். வெளுத்துப் பட்டினி கிடந்த துண்டுக்கு அந்தத் தெம்பு ஏது? செத்த எலும்புக்கூட்டைப் புழுவும் கடற்பஞ்சும் துளைத்துச் சல்லடையாக்கும். அடுத்த புயலில் அது நொறுங்கிச் சல்லியாகி அலைக்கு அலை உருளும். உருளுகிற கல்லில் பவளக் குஞ்சு ஒட்டி வளர முடியாது.

வேகமாக வளரும் கிளைப் பவளங்களே பழையபடி ஆக ஏறக்குறைய பத்து வருடம் வேண்டும். கிரேட் பேரியரில் பெரும் வெளுப்பு 1998, 2002 என்று வந்து, பிறகு 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று நெருங்கிவிட்டது.

2017இலும் ஒரு புயல் வந்தது, டெபி. மார்ச் கடைசியில், வெளுப்பு நடந்து முடிந்த பிறகு, அதுவும் வெளுத்த பகுதிக்குத் தெற்கே. விட்சண்டே தீவுகளைச் சுற்றி, சூட்டுக்குப் பெருமளவு தப்பியிருந்த பவளங்களை நொறுக்கிவிட்டுப் போனது.