எர்த் வயர் தகட்டுக்குத்தான், பிளாஸ்டிக் தாளுக்கு இல்லை

போன வாரம் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறையிலிருந்து காலையிலேயே அழைப்பு. "அண்ணே, தகட்டுல கரண்டு அடிக்குது, வந்து பாருங்க." வயர்மேன் வேலையில் இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. ஆனால் இந்த முறை நான் போனபோது அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவனின் முன்கையில் தோல் சிவந்து, ரோமம் பொசுங்கியிருந்தது. மேலே பற்பசை வேறு தடவியிருந்தார்கள். தீக்காயத்துக்குப் பற்பசை வேண்டாம் என்று எத்தனை முறைதான் சொல்வது? 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பிறகு கிளினிக்.

தோட்டத்துப் பையன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்ததும் கிடைத்த முதல் வேலை. சாப்பாட்டுக் கடைகளுக்கு மேசை, தொட்டி செய்யும் பட்டறை அது. 4 அடிக்கு 8 அடி எவர்சில்வர் தகட்டில் கீறல் விழாமலிருக்க ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை, மூலையில் நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் சர்ரென்று உரித்திருக்கிறான். பசையைத் துடைக்க வைத்திருந்த தைனர் டின் காலடியில், மூடியில்லாமல். தொங்கிய தாள் டின் விளிம்பை நெருங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே டின் வாயில் நெருப்பு. பக்கத்திலிருந்தவர் ஈரச் சாக்கைப் போட்டு மூடியதால் அதோடு போயிற்று.

முதலாளி எனக்கு முதலில் காட்டியது எர்த் வயரை. "மேசைக்கு எர்த் கட்டியிருக்கோமே, அப்புறம் எப்படி?" அளந்து பார்த்தேன், எர்த் நன்றாகவே இருந்தது. வயரிங்கிலும் கசிவு இல்லை.

இதைத்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எர்த் வயர் இரும்பில் இருப்பதை இறக்கும். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. ஓடாததால்தான் உரிக்கும்போது அதில் ஏறிய மின்னேற்றம், அதாவது ஸ்டேட்டிக், இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. மேசைக்கு ஒன்றல்ல, பத்து எர்த் கட்டினாலும் உங்கள் கையில் தொங்கும் தாளுக்கு அது எட்டாது. தாள் தகட்டோடு ஒட்டியிருக்கும்வரை ஸ்டேட்டிக் மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டாது. தாளில் உள்ளதை அடியிலுள்ள தகடு ஈடுகட்டிவிடுகிறது. தாளைத் தூக்கினால் மீட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் காட்டும். ஒட்டியிருக்கும்போது அளந்துவிட்டு "ஸ்டேட்டிக் இல்லை" என்று எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதற்காக எர்த்தைக் கழற்றிவிடாதீர்கள். மரக்கட்டையின் மேல் தகட்டை வைத்து உரித்தால் தகடும் ஏறிக்கொள்ளும், தொட்டவரைச் சுளீரென்று அடிக்கும்.

"இந்த மழை ஊரில் ஸ்டேட்டிக்கா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அந்தத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. ஏர்கோன் அறையென்றால் ஈரமும் குறைவு.

தைனரில் பெரும்பாலும் டொலுயீன் இருக்கும். 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி பற்ற ஏறக்குறைய 0.24 மில்லிஜூல் போதும். நம் விரலுக்கு ஒரு பொறி உறைக்கவே சுமார் 1 மில்லிஜூல் வேண்டும். அதாவது, உங்களுக்குத் தெரியாமல் போகும் பொறியே தைனருக்குத் தாராளம். "லேசாத்தானே அடிக்குது" என்று விடாதீர்கள், தயவுசெய்து.

உரிக்கும் இடத்தில் தைனர் வேண்டாம். டின்னை மூடிவைத்தால் மட்டும் போதாது, வேறு இடத்துக்கே கொண்டுபோங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து வரும். முதலில் எல்லாத் தகடுகளையும் உரித்து, தாள்களை வெளியே போட்டுவிட்டு, பிறகு துடையுங்கள். மெதுவாக உரியுங்கள். அவசரமாக இழுக்க இழுக்க அதிகம் ஏறும். தைனரைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றாதீர்கள். ரப்பர் சிலிப்பரோடு வேலை செய்யாதீர்கள், ஸ்டேட்டிக்கை இறக்கும் சப்பாத்து கடையில் கிடைக்கிறது. நாள் முழுக்க உரிக்கும் பட்டறையென்றால், தாள் பிரியும் இடத்துக்கருகே எர்த் கட்டிய கார்பன் பிரஷ் ஒன்று பொருத்துங்கள். தாளில் உள்ளதில் பெரும்பகுதியைக் காற்று வழியாகவே இழுத்துக்கொள்ளும்.

தம்பி அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறான். அதற்குள் தைனருக்குப் பின்பக்கம் தனி அலமாரி வைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை போய்ப் பார்ப்பேன்.