"பத்து பர்சென்ட்டுக்குள்ள இறக்கிக் கொடுங்கண்ணே": கருத்துத் திருட்டு விதி உண்மையில் என்ன சொல்கிறது?

ஆய்வேடு ஒப்படைக்கும் பருவத்தில் காரைக்குடியில் எந்த டிடிபி கடைக்குப் போய் நின்றாலும் இந்த வரி காதில் விழும்: "அண்ணே, எப்படியாச்சும் பத்து பர்சென்ட்டுக்குள்ள இறக்கிக் கொடுங்கண்ணே." ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமைக் கணக்கு அது. பென்டிரைவை நீட்டியபடி நிற்கும் பிள்ளைக்காகக் கடைக்காரரும் சொல்லுக்குச் சொல் மாற்றுவார். 'அமைந்துள்ளது' என்பது 'காணப்படுகிறது' ஆகும். 'முக்கியமான' என்பது 'இன்றியமையாத' ஆகும். அதற்குத் தனிக் காசு. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது, யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

வந்த இடம் பல்கலைக்கழக மானியக் குழு. கல்வி நேர்மையை வளர்க்கவும் கருத்துத் திருட்டைத் தடுக்கவும் 2018 ஜூலையில் அது ஓர் ஒழுங்குமுறையை அரசிதழில் வெளியிட்டது. பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையது போலக் காட்டுவதே கருத்துத் திருட்டு என்பது அதன் வரையறை. நாட்டிலுள்ள எல்லா உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் இதற்குள் வருவார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் விலக்கல்ல.

ஆனால் பலர் படிக்காமல் தாண்டிவிடும் ஒரு வரி அதிலேயே இருக்கிறது. இந்த விதி முதுகலை ஆய்வேடு, முனைவர் பட்ட ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, நூல், நூலின் இயல் ஆகியவற்றுக்குத்தான். வகுப்பில் தரும் அசைன்மென்ட், பருவக் கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் இவற்றை விதியே வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி தன் அசைன்மென்ட்டை வைத்துக்கொண்டு பத்து சதவீதத்துக்குப் பதறத் தேவையில்லை. அதற்காகப் பார்த்து எழுதலாம் என்றும் ஆகிவிடாது. அசைன்மென்ட்டில் என்ன செய்வது என்பதை அந்தந்தக் கல்லூரியும் துறையும் பாட ஆசிரியரும் முடிவு செய்வார்கள். அகமதிப்பெண் அவர்கள் கையில். ஒரே கட்டுரை மூன்று பெயரில் வந்தால் மூன்றுக்கும் சுழியம் போடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நானே போட்டிருக்கிறேன்.

ஆய்வேட்டுக்கு வந்தால் நிலைகள் நான்கு. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. ஒருமுறை மாட்டியவர் மறுபடி செய்தால் ஒரு படி மேலான தண்டனை. பட்டம் வாங்கிய பிறகு வெளிப்பட்டாலும் பட்டத்தை நிறுத்திவைக்கலாம். ஆசிரியர்களுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், புதிய மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கத் தடை என்று தனி வரிசை உண்டு.

எந்தப் பத்து என்பதில்தான் குழப்பம் அதிகம். உரிய முறையில் பெயர் சொல்லி எடுத்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவான கலைச்சொற்கள், சமன்பாடுகள் எதுவும் கணக்கில் சேராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களிலும் 14 சொல் வரை விலக்கு. ஆகவே மேற்கோளுக்கு அஞ்சத் தேவையில்லை. மேற்கோள் குறியை எடுத்துவிட்டுச் சொல்லை மாற்றி வைப்பதுதான் ஆபத்து. பிள்ளைகள் செய்வதோ அதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நூலொன்றில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள்." இதை "ஆத்தங்குடித் தளக்கற்கள் சூளையில் வேகவைக்கப்படுவதில்லை, கண்ணாடியின் மீது நிறச் சாந்தை வார்த்து, மேலே சிமெண்டு, மணல் பரப்பி, தண்ணீரில் போட்டுக் கெட்டிப்படுத்துகின்றனர்" என்று எழுதினால் மென்பொருள் ஒருவேளை விட்டுவிடும். ஆனாலும் திருட்டுதான். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, மேலே சட்டைதான் வேறு.

புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வாதத்துக்கு இதில் எது தேவை என்று யோசித்து எழுதுங்கள்: "சூளையும் விறகும் வேண்டாத தொழில் என்பதால் ஆத்தங்குடிக் கல்லை வீட்டுக் கொட்டகையிலேயே செய்ய முடிகிறது, செய்முறையை விவரிக்கும் ஆசிரியர் (ஆண்டு, பக்கம்) நீரில் ஊறவைப்பதையே இறுகும் கட்டமாகச் சொல்கிறார்." இங்கே செய்தி அவருடையது, முடிவு உங்களுடையது. எது யாருடையது என்பது படிப்பவருக்குத் தெரிகிறது. கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவர் தொகையை மட்டும் எழுதிப் பெயரை விட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேற்கோள் வேண்டுமா என்றால், வேண்டாம். பாரதி 1919-இல் காரைக்குடிக்கு வந்தார் என்பது ஊரறிந்த செய்தி. அந்த வருகையில் அவர் என்ன பேசினார் என்று எழுதினால், அதை எங்கே படித்தீர்கள் என்று சொல்லியாக வேண்டும். பாரதியின் படைப்புகள் நாட்டுடைமைதானே என்று இன்னொரு கேள்வி வரும். நாட்டுடைமை என்றால் அனுமதி கேட்காமல் அச்சிடலாம் என்றுதான் பொருள். பெயரை மறைக்கலாம் என்றல்ல. பதிப்புரிமை வேறு, கருத்துத் திருட்டு வேறு.

நகரத்தாரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டனைத் தவறாமல் காட்டுவார்கள். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி அவர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலை எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? இணையத்தில் யாரோ சொன்னதைப் படித்துவிட்டு அடிக்குறிப்பில் தர்ஸ்டன் பெயரைப் போடுவது பொய்க்கணக்கு. படித்தது எதுவோ அதைக் காட்டி, 'தர்ஸ்டன், இந்நூலில் எடுத்தாளப்பட்டது' என்று எழுதினால் குறைச்சல் ஒன்றுமில்லை. ஏஐயிடம் கேட்டு வாங்கிய நூற்பட்டியலும் இப்படித்தான். அதில் அச்சாகாத புத்தகங்களுக்குக்கூடப் பக்க எண் இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிப் போட்டால் யாருக்குத் தெரியும் என்ற துணிச்சலும் இங்கே பரவலாக உண்டு. மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் முனைவர் பட்ட ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடுகின்றன. அதே துறைக்காரர் என்றைக்காவது அங்கே படிப்பார்.

கள ஆய்வும் மூலம்தான். கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓர் ஆச்சி சொன்ன வழக்கத்தை எழுதினால், அவர் சம்மதம் கேட்டு, பெயர், வயது, ஊர், சந்தித்த நாள் ஆகியவற்றைத் தகவலாளர் பட்டியலில் சேருங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். அடிக்குறிப்பில் 'மேலது', 'மு.நூ.' (முன் சொன்ன நூல்) என்று போடுவதா, வாக்கியத்துக்குள்ளேயே பெயரும் ஆண்டும் கொடுப்பதா என்பது துறையின் வழக்கம். இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒப்படைக்கும்போது, இது என் சொந்த உழைப்பு, திருட்டு இல்லை என்று மாணவர் எழுதித் தர வேண்டும். நெறியாளரும் சான்று தருவார். அதற்கு முன் கல்லூரி நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்புமைச் சோதனை நடக்கும். அறிக்கையில் வண்ணம் பூசிய வரிகளை நெறியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டிடிபி கடைக்கு ஓடாதீர்கள்.

புகார் என்று வந்துவிட்டால் முதலில் விசாரிப்பது துறைத்தலைவர் தலைமையிலான மூவர் குழு. அது 45 நாளில் அறிக்கை தர வேண்டும். அதன்மேல் நிறுவன அளவிலான குழு இன்னொரு 45 நாளுக்குள் தன் பரிந்துரையைச் சொல்லும். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகளெல்லாம் முடிந்து, உங்கள் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்பும் தந்த பிறகுதான் தண்டனை விதிக்கலாம் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. அந்த நாளில் கைகொடுப்பவை உங்கள் குறிப்பேடுகளும், தேதி போட்ட பழைய வரைவுகளும், எடுத்த பக்கங்களின் ஒளிப்படங்களும்தான். பைண்டிங் முடிந்ததும் அவற்றை அழித்துவிடாமல் ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள்.